கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, படக்கதைகளைச் சிறுவர் அலமாரியில் மட்டும் அடுக்கிவைப்பது நம்முடைய பழைய பிழை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கோத்தகிரி, குன்னூர், கூடலூர், மஞ்சூர் என நீலகிரி மலையின் நான்கு பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே மின்வெட்டு, காட்டெருமை, கேரட் விலை ஆகியவை பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை படக்கதைகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எழுபதுகளில் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்துக் கடையில் 'இரும்புக்கை மாயாவி' வாங்கி, மலை ஏறும் வண்டியிலேயே படித்து முடித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இப்போது என் பேத்தி 'கிராபிக் நாவல்' என்று ஒன்றைக் காட்டி, 'இது காமிக்ஸ் இல்லை, தாத்தா' என்கிறாள். பெயரைத் தவிர வேறுபாடு ஏதேனும் உண்டா?
— ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர், கோத்தகிரி

பேத்தியிடம் நீங்கள் தோற்க வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர், நியூயார்க் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றின் மனிதர்களைப் பற்றித் தாம் வரைந்த 'எ கான்ட்ராக்ட் வித் காட்' என்னும் நூலை 1978-ல் வெளியிட்டபோது, அதன் அட்டையில் 'கிராபிக் நாவல்' என்ற சொல் இடம்பெற்றது. அவருக்கு முன்பே சிலர் அச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், அது பரவியதற்கு அந்த நூலே முதன்மையான காரணம். வேடிக்கை என்னவென்றால், அது நாவலே அன்று. நான்கு தனித்தனிக் கதைகளின் தொகுப்பு. புத்தகக் கடைக்காரர்கள் படக்கதையை இலக்கியத்தின் பக்கத்தில் வைக்கத் தயங்கிய காலத்தில், அவர்களின் தயக்கத்தைப் போக்குவதற்காக ஒட்டப்பட்ட சீட்டு என்றுதான் அந்தப் பெயரை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நடைமுறையில் வேறுபாடு என்று சொன்னால், நடுவில் பின் அடித்த மெல்லிய இதழாக மாதந்தோறும் வந்து, ஒரே நாயகனைச் சுற்றி முடிவில்லாமல் ஓடுவதைக் காமிக்ஸ் என்றும், தொடக்கமும் முடிவும் உடையதாக, ஒருவரோ இருவரோ தம் மனத்தில் இருந்ததைச் சொல்வதற்காகவே வரைந்து, தடித்த புத்தகமாகக் கட்டப்பட்டு வருவதைக் கிராபிக் நாவல் என்றும் சொல்லலாம். ஆனால் வேலியின் இரண்டு பக்கமும் மேய்கிறவை நிறைய உண்டு. நீங்கள் படித்த மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் வந்துகொண்டிருந்த கதை அது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே அதைத் தமிழில் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்து, இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தக் காட்சியை ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்திருக்கும் விதத்தில், கை இருக்கும் இடத்தை வைத்து உடல் எங்கே, எப்படி நிற்கிறது என்பதை நாமே ஊகித்துக்கொள்கிறோம். இல்லாத ஒன்றை வாசகரைக் கொண்டே வரையவைக்கும் அந்தத் திறமை, பேத்தியின் கையில் இருக்கும் எந்த நூலுக்கும் குறைந்ததன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படங்களை வரிசையாக வைத்துக் கதை சொல்வது நம் மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். மூன்றடுக்கு நடுகல்லைப் பார்த்திருப்பீர்கள். நம் மலையிலும் மேலூர், சோலூர்ப் பக்கங்களில் சிற்பம் செதுக்கிய கற்திட்டைகள் உண்டு. அடுக்கு நடுகற்களில் பொதுவாகக் கீழ் அடுக்கில் வீரன் போரிடுகிறான். நடு அடுக்கில் வானுலகப் பெண்கள் அவனை இருபுறமும் தாங்கித் தூக்கிச் செல்கிறார்கள். மேலடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய மூன்று கட்டங்கள். அவன் செத்து விழும் கட்டத்தைச் சிற்பி செதுக்குவதில்லை. அது முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் நடுவிலுள்ள அந்தக் கல் விளிம்பில், பார்க்கிறவர் மனத்தில் நடக்கிறது.

படக்கதை படித்துப் பழக்கமே இல்லாத எனக்கு முதலில் எதைப் பரிந்துரைப்பீர்கள்? பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். எனவே வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் இருந்தால் நல்லது.
— ஆசிரியை, கூடலூர்

வரலாற்று ஆசிரியை என்பதால் எனக்குத் தேர்வு எளிதாகிவிட்டது. மர்ஜான் சத்ரபி வரைந்த 'பெர்செபொலிஸ்' நூலிலிருந்து தொடங்குங்கள். ஈரானில் பிறந்து, தெஹ்ரானில் வளர்ந்து, பின்னர் பிரான்சில் குடியேறிய அவர் 2000-க்கும் 2003-க்கும் இடையில் பிரெஞ்சு மொழியில் நான்கு பாகங்களாக அதை வெளியிட்டார். தமிழிலும் 'ஈரான்' என்னும் தலைப்பில் வந்திருக்கிறது. 1979 புரட்சியையும் அதன் பின்னர் வந்த ஈரான்-ஈராக் போரையும் ஒரு சிறுமியின் கண்ணால் சொல்லும் தன்வரலாறு அது.

அதன் முதல் பக்கத்தின் முதல் கட்டத்தில், தலையில் முக்காட்டுடன் பத்து வயது மர்ஜான் கைகட்டி அமர்ந்திருக்கிறாள், ஆண்டு 1980. அடுத்த கட்டம் வகுப்புப் புகைப்படம் போன்றது: நான்கு சிறுமிகள் முக்காட்டுடன் வரிசையாக இருக்கிறார்கள், இடது ஓரத்தில் இருக்கும் மர்ஜானைக் கட்டத்தின் விளிம்பு வெட்டிவிட்டது. ஒரே உடை எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கியதும், அவள் அந்த வரிசைக்குள் அடங்காமல் வெளியே நின்றதும் வார்த்தை இல்லாமலே சொல்லப்பட்டுவிடுகின்றன. இதையே உரைநடையில் எழுதினால் ஒரு பத்தி தேவைப்படும். எழுதிய பிறகு அது கருத்துரை போலவும் ஒலிக்கும். படங்கள் முழுவதும் கறுப்பும் வெள்ளையும்தான். சாம்பல் நிறம் கிடையாது. பின்னால் ஓரிடத்தில், குண்டு விழுந்த அண்டை வீட்டின் இடிபாடுகளுக்கு நடுவே, தன் தோழி எப்போதும் அணிந்திருந்த காப்பை மர்ஜான் பார்த்துவிடுகிறாள். அவள் முகத்தை மூடிக்கொள்ளும் கட்டத்தை அடுத்து வருவது, உள்ளே எதுவுமே வரையப்படாத முழுக் கறுப்புக் கட்டம். நான் அந்தப் பக்கத்தை முதன்முதலில் படித்தபோது, அச்சுப் பிழையோ என்று ஒரு நொடி தாளைத் தடவிப் பார்த்தேன் என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்'. நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்த தந்தை சொல்லச் சொல்ல, மகன் பதிவு செய்து வரைந்த கதை. யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர்கள் பூனைகளாகவும் போலந்துக்காரர்கள் பன்றிகளாகவும் வரையப்பட்டிருக்கிறார்கள். இந்த உருவகத்தைக் கேள்விப்பட்டவுடனே குழந்தைத்தனமாக இருக்குமோ என்று தோன்றும். ஆனால் தந்தை தன்னைப் போலந்துக்காரர் என்று காட்டிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டிய இடத்தில், எலி முகத்தின் மீது பன்றி முகமூடி ஒன்றைக் கயிற்றால் கட்டிக்கொள்கிறார். அந்தக் கயிற்றின் முடிச்சு நமக்குத் தெரிகிறது. மனிதரை இனமாகப் பிரிப்பது எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்கும் பொய் என்பதை அந்த முடிச்சு சொல்லிவிடுகிறது. 1992-ல் இந்நூலுக்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. தந்தையைத் தியாகியாக ஆக்கிவிடாமல், கஞ்சத்தனமும் எரிச்சலும் உள்ள முதியவராகவே மகன் வரைந்திருப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

மூன்றாவதாக, நம் நாட்டு நூல்: 'பீமாயணம்'. அம்பேத்கர் வாழ்வில் தீண்டாமையால் பட்ட துன்பங்களைச் சொல்லும் இந்நூலை, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, மத்தியப் பிரதேசத்தின் கோண்டு மரபு ஓவியர்களான துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் தம்பதியர் வரைந்தார்கள். 2011-ல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் தமிழுக்கும் வந்தது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க அந்த ஓவியர்கள் மறுத்துவிட்டதால், இதில் வழக்கமான சதுரக் கட்டங்களே இல்லை. வீட்டுச் சுவரிலும் தரையிலும் இடும் கோலங்களைப் போன்ற வளைந்த பட்டைகள் பக்கத்தைப் பிரிக்கின்றன. பேச்சுக் குமிழ்களைக் கவனியுங்கள். அன்பாகப் பேசுவோரின் சொற்கள் பறவை உருவக் குமிழிலும், சாதியின் நஞ்சைக் கக்குவோரின் சொற்கள் தேள் கொடுக்கு முளைத்த குமிழிலும் வருகின்றன. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட முடியாத சிறுவன் தாகத்தோடு நிற்கும் பகுதியை வகுப்பில் காட்டுங்கள். மாணவர்கள் முதலில் தேளைத்தான் கண்டுபிடிப்பார்கள். அதன் பிறகு பாடம் தானாக நடக்கும்.

நண்பர் ஒருவர் சொன்னார் என்று ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு கிராபிக் நாவல் வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதே விலைக்கு ஒரு மாதம் படிக்கக்கூடிய நாவல் கிடைத்திருக்குமே என்ற வருத்தம் போகவில்லை.
— கல்லூரி மாணவர், குன்னூர்

ஒரு மணி நேரத்தில் நீங்கள் முடித்தது குமிழ்களுக்குள் இருந்த எழுத்தை மட்டும் என்று நினைக்கிறேன். நாம் பள்ளியிலிருந்தே எழுத்தைத் துரத்திப் பழகியவர்கள்; கண் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்குத் தாவிவிடுகிறது, படம் வழியில் தென்படும் மரம் போலப் பின்னால் ஓடிவிடுகிறது. மலை ரயிலில் ஏறி, வேகமாகப் போகவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது போன்றது இது.

ஸ்காட் மெக்ளவுட் என்னும் அமெரிக்க ஓவியர் 1993-ல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்ற நூல், படக்கதை எப்படி இயங்குகிறது என்பதைப் படக்கதை வடிவிலேயே விளக்குகிறது. அவருடைய முதன்மையான கருத்து இதுதான்: ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் நகரத்தின் இருண்ட வானமும் ஓர் அலறலும் மட்டும் இருக்கின்றன. கோடரியை இறக்கியது யார்? ஓவியர் வரையவில்லை, இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் வாசகர்தான் இறக்கினார். கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன நடுகல்லின் விளிம்பும் இதே இடைவெளிதான்.

ஆகவே அந்தப் புத்தகத்தை விற்றுவிடாமல் இன்னொரு முறை எடுங்கள். முதலில் பக்கம் முழுவதையும் ஒரே படமாகப் பாருங்கள்; எந்தக் கட்டம் பெரியது, எங்கே இருட்டு, எங்கே வெறுமை என்று கண் தானே அளந்துகொள்ளும். பிறகு கட்டங்களை வரிசையாகப் படியுங்கள். எழுத்தே இல்லாத கட்டம் வந்தால் அங்கே நில்லுங்கள். அது பெரும்பாலும் ஓவியர் மிகுந்த நேரம் செலவழித்த கட்டமாக இருக்கும். இதற்குப் பழக வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவின் ஷான் டான் 2006-ல் வெளியிட்ட 'தி அரைவல்' நூலைத் தேடிப் பாருங்கள். பிழைப்புக்காகக் குடும்பத்தை விட்டு வேற்று நாட்டுக்குப் போகும் ஒருவனின் கதை. படிக்கக்கூடிய ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்த நாட்டின் பெயர்ப்பலகைகள்கூட ஓவியர் கற்பனையாக உருவாக்கிய எழுத்துகளால் ஆனவை என்பதால், கதை நாயகனைப் போலவே நாமும் அங்கே எழுத்தறியாதவர்களாக நிற்கிறோம். தாய்நாட்டை விட்டு இந்த மலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே பல உண்டு. அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்தால், தமிழோ ஆங்கிலமோ தேவைப்படாமல் படித்துவிடுவார்கள்.

என் மகனுக்குப் பதினொரு வயது. காமிக்ஸ் தவிர எதையும் தொட மறுக்கிறான். இப்படியே விட்டால் வாசிப்புப் பழக்கம் கெட்டுவிடுமா?
— இல்லத்தரசி, அரவங்காடு

கெடாது. அவன் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான், அம்மா. படமும் எழுத்தும் வேறு வேறு செய்தி சொல்லும்போது இரண்டையும் சேர்த்துப் பொருள் கொள்வது எளிய வேலை அன்று. பறிக்காதீர்கள், நல்லதாகக் கொடுங்கள்.

தமிழில் லக்கி லூக் தொகுப்புகள் கிடைத்தால் வாங்குங்கள். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-ல் உருவாக்கிய, தன் நிழலைவிட வேகமாகச் சுடும் கௌபாய் அவன். பின்னாளில் பிரெஞ்சு எழுத்தாளர் கோசினி எழுதிய கதைகளில் கேலியும் கூர்மையும் கூடின. அதே கோசினி எழுத, உதெர்சோ வரைந்த ஆஸ்டெரிக்ஸ் 1959 முதல் வருவது. ஆங்கில மொழிபெயர்ப்பிலும் சொல் விளையாட்டு அருமையாக இருக்கும். சில சிலேடைகள் அவனுக்கு இப்போது புரியாது, பதினைந்து வயதில் திரும்பப் படித்துத் தனியாகச் சிரிப்பான். அமர் சித்திரக் கதைகளை நானும் படித்துத்தான் வளர்ந்தேன். 1967-ல் அனந்த் பை தொடங்கிய அந்த வரிசை இல்லாவிட்டால் பல புராணக் கதைகள் என் தலைமுறைக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் பல இதழ்களில் தேவர்கள் வெளுத்தும் அசுரர்கள் கறுத்தும் இருப்பது ஏன் என்று மகனிடம் ஒரு முறையாவது கேளுங்கள்.

மலைப் பிள்ளைக்கு என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், பெல்ஜிய ஓவியர் ஏர்ஜே வரைந்த 'டின்டின் இன் திபெத்' என்பேன். 1960-ல் புத்தகமாக வந்தது. விமான விபத்தில் இறந்துவிட்டான் என்று எல்லோரும் கைவிட்ட நண்பன் சாங், உயிரோடு இருக்கிறான் என்று நம்பி டின்டின் இமயத்தில் ஏறுகிறான். கதையில் வில்லன் இல்லை. எதிரி என்றால் பனியும் உயரமும் மட்டுமே. வெண்மையான கனவுகளால் துன்புற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஏர்ஜே வரைந்தது என்பதால், பக்கம் பக்கமாக வெள்ளை பரவிக் கிடக்கிறது. மார்கழியில் தொட்டபெட்டாச் சாலையில் முன்னால் போகும் ஆளே தெரியாத மூடுபனியில் பள்ளிக்கு நடந்த பிள்ளைக்கு அந்த வெள்ளையைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானிய மங்காவை ஏன் பின்னாலிருந்து படிக்க வேண்டும்? எவற்றைப் படிக்கலாம்?
— மாணவி, வெலிங்டன்

மங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. ஜப்பானிய எழுத்தை மரபாக மேலிருந்து கீழாகவும் வலமிருந்து இடமாகவும் எழுதுகிறார்கள்; கட்டங்களும் அதே வரிசையில் செல்கின்றன. அவர்களுக்கு அதுதான் முன்பக்கம். பத்துப் பக்கத்தில் கண் பழகிவிடும்.

ஆறு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டில் தந்தையையும் அக்காவையும் தம்பியையும் இழந்த கெய்ஜி நகசாவா, 1973-ல் தொடராக வரையத் தொடங்கிய 'பேர்ஃபுட் ஜென்' முதலில். மனம் இளகியவராக இருந்தால் இரவில் படிக்க வேண்டாம். ஒசாமு தெசுகா 1972 முதல் 1983 வரை வரைந்த 'புத்தா' அடுத்து. சித்தார்த்தர் வாழ்க்கையோடு தாமே படைத்த கீழ்ச்சாதிச் சிறுவர்களையும் கள்வர்களையும் சேர்த்துப் பின்னியிருக்கிறார். தீவிரமான இடத்தில் திடீரென்று ஒரு கோமாளித்தனம் வரும். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தெசுகாவின் வழக்கம்.

அப்பா சேர்த்துவைத்த பழைய காமிக்ஸ்கள் நூற்றுக்கும் மேல் எங்கள் வீட்டுப் பரண்மேல் பெட்டியில் உள்ளன. பூஞ்சை பிடித்து, சில ஒட்டிக்கொண்டும் விட்டன. காப்பாற்ற வழி உண்டா?
— தேயிலை விவசாயி, மஞ்சூர்

உங்கள் துயரம் என்னுடையதும்தான். இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்த என் பள்ளிக்காலத் தொகுப்பை ஒரு தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு திறந்தபோது, பதினாறு இதழ்கள் ஒரே செங்கல்லாக ஆகியிருந்தன. பாலித்தீன் ஈரத்தை வெளியே நிறுத்தவில்லை. உள்ளே இருந்ததைப் பூட்டிவைத்துவிட்டது. குந்தாப் பக்கத்து மழையில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒட்டிய இதழ்கள் எந்தத் தாளில் அச்சானவை என்று முதலில் பாருங்கள். பழைய இதழ்கள் சாணித்தாள் என்று நாம் சொல்லும் மலிவான தாளில் வந்தவை. மரக்கூழில் நீக்கப்படாமல் நின்றுவிட்ட லிக்னின் காரணமாகப் பழுத்து நொறுங்குமே தவிர, பெரும்பாலும் பிரித்துவிடலாம். நிழலில், காற்றோட்டமான இடத்தில் விசிறிபோல் நிறுத்தி உலரவிட்டு, எலும்புக் கத்தியோ மெல்லிய அட்டையோ கொண்டு ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். இப்போதைய வண்ண இதழ்கள் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் வருபவை. அந்த வழவழப்பு தாளின்மேல் பூசிய களிமண் போன்ற கலவையால் வருவது. ஒருமுறை நனைந்து, சேர்ந்தபடியே உலர்ந்துவிட்டால் அந்தப் பூச்சுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இழுத்தால் படம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். ஆகவே ஆர்ட் பேப்பர் புத்தகம் நனைந்தால் உலர்வதற்கு முன்பே, அன்றைக்கே, பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகிப் பிரித்துவைக்க வேண்டும்.

பூஞ்சையை ஈரத்தோடு துடைக்காதீர்கள். நன்றாக உலர்ந்த பிறகு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் பரப்பினால் வண்ணம் வெளுக்கும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு, பருத்தி நூலால் தைத்துவிடலாம். பரணிலிருந்து இறக்கி, வெளிச்சுவரை ஒட்டாத மர அலமாரியில், இடைவெளி விட்டு நிறுத்திவையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு நம் பாட்டிகள் வைத்த வசம்பு இன்றும் நல்ல காவல்தான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சாது என்பதால், சிலிக்கா ஜெல் பைகளையும் சேர்த்து வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

இந்தியாவில் இப்படிப்பட்ட நூல்கள் வருகின்றனவா? தமிழிலேயே எழுதி வரையப்பட்டவை ஏன் குறைவாக உள்ளன?
— ஓவிய ஆசிரியர், உதகை

வருகின்றன. ஒரிஜித் சென் 1994-ல் வெளியிட்ட 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' இந்தியாவின் முதல் கிராபிக் நாவலாகப் பலராலும் கருதப்படுவது. நர்மதை அணையையும் பழங்குடிகளின் படைப்புக் கதையையும் ஒரே ஆற்றில் ஓடவிட்டிருக்கிறார். விஸ்வஜோதி கோஷின் 'டெல்லி காம்' (2010) நெருக்கடி நிலைக் காலத்தைப் பற்றியது. மாலிக் சஜாத் 2015-ல் கொண்டுவந்த 'முன்னு' நூலில் காஷ்மீரிகள் எல்லோரும் ஹங்குல் மானாக வரையப்பட்டிருக்கிறார்கள். அழிந்துகொண்டிருக்கும் மான் இனம் அது.

தமிழில் மொழிபெயர்ப்புக்கு ஐம்பது ஆண்டு மரபு இருக்கிறது. நேரடிப் படைப்புக்கு அத்தகைய தொடர்ச்சி இல்லை. நல்ல எழுத்தாளர்கள் உண்டு, நல்ல ஓவியர்கள் உண்டு. இருவரும் ஓராண்டு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்வதற்குச் சோறு போடத்தான் ஆள் இல்லை. நூறு பக்கப் படக்கதைக்கு ஓவியர் செலவழிக்கும் உழைப்பு, நூறு அட்டைப்படங்களுக்கான உழைப்புக்கும் மேல். நம் பதிப்புத் தொழில் அட்டைப்பட ஓவியருக்குக் கொடுக்கும் தொகையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர் பழங்குடியினரின் ஓவியங்கள் நினைவுக்கு வருகின்றன. வேங்கைப் பிசினிலும் இலைச் சாற்றிலும் தோய்த்து, மெலிந்த கோட்டு மனிதர்கள் தேன் எடுக்க மலைமுகட்டில் நூலேணியில் இறங்குவதை வரைகிறார்களே, அந்தப் படத்தில் ஏணியின் மேலே ஒருவன், நடுவில் ஒருவன், தேனடையின் அருகே ஒருவன் என்று பார்க்கும்போது, அது மூன்று பேரா, அல்லது ஒரே ஆள் இறங்கும் மூன்று நொடிகளா என்ற ஐயம் எனக்கு வரும். கோண்டு ஓவியர்களால் ஒரு 'பீமாயணம்' முடிந்ததென்றால், இங்கே ஒன்று முடியாமல் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அந்தக் கதையை அவர்களே சொல்ல வேண்டும். நாம் எழுதிக் கொடுத்து அவர்களை வரையச் சொல்வதாக இருக்கக் கூடாது என்பது மட்டும் என் கருத்து.

இவற்றையெல்லாம் மலையில் எங்கே வாங்குவது?
— வாசகர், குன்னூர்

இங்குள்ள கடைகளில் தேடி அலைய வேண்டாம். சிவகாசிப் பதிப்பகத்தில் சந்தா கட்டினால் லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் வீடு தேடி வரும். மற்றவற்றுக்குக் கோவைப் புத்தகத் திருவிழாவுக்கு இறங்குங்கள். 'மௌஸ்' போன்ற விலை கூடிய நூல்களைக் கிளை நூலகத்தின் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். நான்கு பேர் சேர்ந்து எழுதினால் கவனிப்பார்கள்.

'இரத்தப் படலம்' தொடங்கலாமா? நிறையப் பாகங்கள் என்று பயமாக உள்ளது.
— பேருந்து நடத்துநர், கோத்தகிரி

தாராளமாகத் தொடங்கலாம். நினைவிழந்த ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான்; தோள் எலும்பருகே பதின்மூன்று என்ற ரோமானிய எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அவன் யார், அதிபரைக் கொன்றவன் அவன்தானா என்பதுதான் கதை. வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய 1984-ல் தொடங்கிய இந்தத் தொடரின் முதல் சுற்று 2007-ல் பத்தொன்பது பாகங்களோடு முடிந்தது. தமிழில் பாகம் பாகமாகக் காத்திருந்து படித்தவர்கள், 2010-ல் தடித்த தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். நடுப் பாகங்கள் சில இழுக்கின்றன. தாண்டிவிடாதீர்கள், அங்கே அறிமுகமாகும் பெயர்கள் பின்னால் வேண்டியிருக்கும். ஒரு சிறிய நோட்டில் யாருடைய பெயர் எப்போது மாறியது என்று குறித்துக்கொண்டே போங்கள். டிக்கெட் கணக்கு எழுதுகிற உங்களுக்கு அது ஒன்றும் புதிய வேலை அன்று.